களத்தில் செருப்போடு

பிப்ரவரி 3, திங்கள்

இன்று அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு எடை பார்த்தேன். சுந்தரியின் மகன் மறுபடியும் இளைத்திருக்கிறான். சத்துமாவு இன்னும் வரவில்லை. முட்டை வந்தது. கொஞ்சம் உடைந்துபோயிற்று.

மதியம் குணவதி அக்கா வந்தார். எங்கள் இருளர் சங்கத்தில் எல்லாவற்றுக்கும் ஓடுகிறவர் அவர்தான். உள்ளே கூட வராமல் வாசலில் நின்றபடியே, "அம்சா, மில்ல வித்துட்டாங்க. மாசி முடிஞ்சதும் இடிச்சுத் தரமட்டம் ஆக்கிடுவாங்களாம்" என்றார்.

எந்த மில் என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடியிருப்பில் மில் என்றால் அந்த அரிசி மில் ஒன்றுதான்.

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று வரதன் மாமா கேட்டிருக்கிறார். இடத்தை வாங்கியவரும் ஒரு நாள் உள்ளே விடச் சம்மதித்துவிட்டார்.

"போயி இன்னாக்கா பண்றது?"

"எனக்கும் தெரியல. நான் அங்க இருந்தவ இல்ல. இருந்தவங்க கேக்கறாங்க."

எனக்கு விடுப்புக் கிடைக்காது என்று சொன்னேன். அவர் போன பிறகுதான் முட்டை அட்டை கைதவறி விழுந்தது. வெயில் அதிகம். கை வியர்த்திருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

நான் போகப் போவதில்லை. என் வீட்டுக்காரர் ஏழுமலையிடமும் சொல்லிவிட்டேன். விடுப்புப் பற்றி சூப்பர்வைசரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

அம்மா ஏரிக்குப் போய் நண்டு பிடித்து வந்து கொடுத்தாள். ரசம் வைத்தேன். என் மகள் யாழினிக்குச் சளி.

அம்மாவின் வீடு எங்கள் வீட்டை ஒட்டியே இருக்கிறது. அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. கதவைப் பொருத்திவிட்டு ஆட்கள் போன அன்றே அம்மா அதைக் கழற்றி ஆட்டுப்பட்டிக்கு வைத்துவிட்டாள். இன்றுவரை அந்த வீட்டுக்குக் கதவு கிடையாது. மழையானாலும் பனியானாலும் வாசற்படியில் தலைவைத்துத்தான் படுப்பாள். யாராவது கேட்டால், "காத்து வேணும்" என்பாள்.

என் வீட்டில் இரண்டு தாழ்ப்பாள். போதாது என்று போன வருஷம் ஒரு சங்கிலியும் போட்டுக்கொண்டேன். இந்தப் பக்கம் திருட்டு அதிகம். எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று ஏழுமலை சிரிப்பார்.

ரசத்தை ஊற்றிக்கொண்டே அம்மாவிடம் கேட்டேன்: "குணவதியக்கா உங்கிட்ட வந்தாங்களா?"

"வந்தா."

"நீ இன்னா சொன்ன?"

அம்மா நண்டின் ஓட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மில்லைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. நான் பிறந்தது அங்கேதான். அப்பா வாங்கின முன்பணத்துக்காகக் குடும்பமே கொத்தடிமையாக உள்ளே போயிற்று. அதிகாரிகள் வந்து எங்களை மீட்டபோது எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. வெளியே வந்த அடுத்த வருஷமே அப்பா போய்விட்டார். எனக்குக் கீழே ஒரு தம்பி இருந்தான். மில்லிலேயே காய்ச்சலில் இறந்துபோனான்.

பிப்ரவரி 8, சனி

ரேஷனில் புழுங்கல் அரிசி போட்டார்கள். வழக்கம்போல அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் பச்சரிசி வாங்கி வந்தேன். புழுங்கல் வெந்தால் வரும் வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றுக் கோளாறு.

பிப்ரவரி 12, புதன்

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன்.

காலையில் மணல் லாரி ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்து நின்று ஹாரன் அடித்தது. யாழினி முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். லாரி போன பிறகு பார்த்தால் பிள்ளையைக் காணோம். கூப்பிட்டேன். ஏழுமலை தெருக்கோடி வரை ஓடிப் பார்த்தார். கடைசியில் கட்டிலுக்கு அடியில், பாய்ச்சுருளுக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். பாவாடை நனைந்திருந்தது.

"ஏம்மா ஒளிஞ்சிக்கின?" என்று ஏழுமலை கேட்டார்.

"லாரி வந்தா பேசக் கூடாது."

"யாரு சொன்னா?"

யாழினி என்னைப் பார்த்தாள்.

ஏழுமலை என்னிடம் கோபமாகப் பேசுகிறவர் இல்லை. அவர் மில்லில் இருந்தவரும் இல்லை, ஏரிக்கரையில் வளர்ந்தவர். மெதுவாகத்தான் சொன்னார்: "நீ தூங்கும்போது கூடப் பண்ற அம்சா. வண்டி சத்தம் கேட்டா புள்ள வாய்மேல கைய வைக்கிற. பொறந்ததுலருந்து பாக்கறன்."

நான் அப்படிச் செய்வதில்லை. மில்லில் லாரி வந்து ஹாரன் அடித்தால் பிள்ளைகள் நாங்கள் ஒளிந்து வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதைப் பற்றி யாழினியிடம் ஒரு சொல் பேசியதில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 13, வியாழன்

யாழினி நன்றாக இருக்கிறாள். சாப்பிட்டாள். நான் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் அலசிப் பிழிந்துகொண்டிருந்தேன். திடீரென்று, "நான் போறன்" என்றாள்.

"எங்க?"

"மில்லுக்கு. தம்பிய இட்டாரணும்."

கையிலிருந்த சேலையை நான் பிழிந்துகொண்டே இருந்தேன். தண்ணீர் எல்லாம் வடிந்த பிறகும்.

அம்மா என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துப் பேசினாள். "வருசா வருசம் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போறோம். கரையில மண்ணுல படி வச்சு கன்னியம்மாவுக்குப் படைக்கிறோம். செத்தவங்கள எல்லாம் பேரச் சொல்லிக் கூப்புடறன். உங்கப்பன் பேரு வருது. எங்காயா பேரு வருது. அவன் பேரு மட்டும் தொண்டய உட்டு வெளிய வர்ல. அங்கியே கெடக்கறான். கூப்புட்டா அவனுக்குக் கேக்காது."

"காய்ச்சல்ல போனவன் அவன். விடும்மா" என்றேன்.

"ஆமா. காய்ச்சல்தான்."

அம்மா பொய் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தது உண்மை. எதனால் வந்தது என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

எழுதிவிடுகிறேன். மில்லில் நெல் அவிக்கிற கொதிகலனுக்கு உமிதான் விறகு. எரிந்த உமியைப் பின்பக்கம் கொட்டுவார்கள். மலைபோல் கிடக்கும். மேலே பார்த்தால் ஆறிப்போன சாம்பல், உள்ளே நெருப்பு. தம்பி அதில் ஏறினான். முழங்கால்வரை இறங்கிவிட்டான்.

அப்பா கேட் அருகே போய், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிறேன் என்று காலில் விழுந்தார். மேஸ்திரி கேட்டைத் திறக்கவில்லை. காய்ச்சல் வந்தது. பிறகு காய்ச்சல் நின்றுவிட்டது.

அவனைப் புதைத்தபோது அம்மா களத்தில் நெல்லை வாரிக்கொண்டிருந்தாள். மழை வருகிற மாதிரி இருந்தது. நெல் நனையக் கூடாது என்று மேஸ்திரி அவளை விடவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

சத்துமாவு வந்தது.

பிப்ரவரி 22, சனி

அம்மா வரதன் மாமா வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. மில்லில் மூட்டை தூக்கியவர். ஒரு முறை சுவரேறிக் குதித்து ஓடப் பார்த்துப் பிடிபட்டார். இடது கால் அன்றிலிருந்தே சரியில்லை. குடிப்பார். இன்று குடிக்கவில்லை. நாங்கள் வருவோம் என்று எப்படியோ தெரிந்து, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா நேராகக் கேட்டாள். "வரதா, குழி நோண்டினது நீதான?"

"நான்தாங்க்கா."

"எங்க?"

மாமா கால்பக்கம் பார்த்தார். "இத்தினி வருசமா ஏங்க்கா கேக்கல? நான் எத்தினி நாளு உன் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கன் தெரியுமா?"

"கேட்டா நீ சொல்லிடுவியே. அதான் பயம்."

மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு சொன்னார். சாம்பல் மேட்டுக்கும் பின்மதிலுக்கும் நடுவில். ஆழமாகத் தோண்ட விடவில்லை. தன் தோள்துண்டில் சுற்றித்தான் வைத்தாராம். "வெறும் மண்ணுல வைக்கலக்கா. அத மட்டும் நம்பு."

அம்மா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். திரும்பி வரும்போது நான் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்டது சரியில்லை.

பிப்ரவரி 26, புதன்

இன்று எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

நேற்று குணவதி அக்கா சொன்னது: வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். வேன் பேசியாகிவிட்டது. மில் பூட்டிக்கிடக்கிறதாம். கேட் பக்கத்து அறையில் ஒரு கிழவர் காவலுக்கு இருக்கிறாராம். பழைய ஆள். பெயர் கோதண்டம்.

கோதண்டம்தான் மேஸ்திரி.

அந்தப் பெயரை எழுதியபோதே எழுந்துபோய்ச் சங்கிலி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பட்டப்பகல். வெளியே கோழிகள் மேய்கின்றன. அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும். நான் அரசாங்க வேலையில் இருக்கிறேன். என்னை அவர் ஒன்றும் செய்ய முடியாது. முடியாது என்று தெரிகிறது, ஆனால் வயிற்றுக்குள் இருப்பதற்கு அது தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னால் போகமாட்டாள் என்று நினைத்துப் போய்ச் சொன்னேன். அவள் போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

"உசுரோட கீறானா?" என்றாள். ஆடுகளுக்கு இலையைப் போட்டாள். பிறகு, "நீ வர வேணாம்" என்றாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

சூப்பர்வைசரிடம் கேட்கவே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் விடுமுறைதான்.

மார்ச் 1, சனி

நல்ல சேலை ஒன்றை எடுத்துத் தேய்த்து வைத்தேன். அங்கன்வாடி அடையாள அட்டையையும் எடுத்துப் பையில் போட்டேன். எதற்கு என்று ஏழுமலை கேட்டார். தெரியவில்லை என்றேன். யாழினியை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அம்மா மஞ்சள் துணி ஒன்றைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். மண் எடுத்துவர.

மார்ச் 2, ஞாயிறு

திரும்பி வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

வேனில் எல்லாரும் முதலில் பேசிக்கொண்டுதான் வந்தார்கள். பெரிய ரோட்டிலிருந்து மில் ரோட்டுக்குத் திரும்பியதும் பேச்சு நின்றது. நான் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் அம்மாவின் தொடை என் தொடையோடு ஒட்டியிருந்தது.

கேட் நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. துருப்பிடித்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என் நினைவில் அது வானம் வரைக்கும் இருந்தது.

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

கிழவர் அறையிலிருந்து வந்தார். லுங்கி, கிழிந்த பனியன். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பூட்டைத் திறக்கவே தடுமாறினார். அவரை வழியில் பார்த்திருந்தால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. குணவதி அக்கா, "ஓனருகிட்ட சொல்லிட்டு வந்திருக்கோம். இவங்க எல்லாம் இங்க வேல செஞ்சவங்க" என்றார். கிழவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரையாவது தெரிந்துகொண்டாரா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. பிறகு சாதாரணமாக, கையைக்கூட ஓங்காமல் சொன்னார்:

"செருப்ப எல்லாம் கழட்டிட்டுப் போங்க. களம்."

அந்தக் குரல். முகம் மாறியிருந்தது, குரல் மாறவில்லை.

எல்லாரும் குனிந்தோம். வரதன் மாமா, அவர் மனைவி ராக்கம்மா அத்தை, நான். நெல் காயும் களத்தில் செருப்போடு நடந்தால் அடி விழும். நிமிர்ந்து பார்த்தபோது என் செருப்பு என் கையில் இருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எங்களில் குணவதி அக்கா மட்டும்தான் இரண்டு காலிலும் செருப்போடு நின்றார். அவர் எங்களைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

எதிரே களம் என்று ஒன்று இல்லவே இல்லை. சிமெண்டு பிளந்து, எருக்கும் முள்ளும் முளைத்துக் கிடந்தது. பாட்டில் சில்லுகள் வெயிலில் மின்னின. அதன்மேல் வெறுங்காலோடு நடக்கப் போனோம்.

அம்மா ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள். மற்றதைக் கழற்றவில்லை. அப்படியே நின்றாள். பிறகு கழற்றிய செருப்பைக் கீழே போட்டு, காலை நுழைத்துக்கொண்டாள்.

"நெல்லு எங்க கீது, கோதண்டம்?" என்றாள்.

அந்தப் பெயரை எங்கள் ஆட்கள் யாரும் அவர் முன்னால் சொன்னதில்லை. கிழவர் நல்ல கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாரு… பவுனா?"

"பவுனம்மா. நெல்லு எங்கன்னு கேட்டன்."

அவர் களத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே தேடுகிறவர் மாதிரி பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்றார்.

நாங்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டோம். என் விரல் வாரில் நுழையவே இல்லை. ராக்கம்மா அத்தை என் தோளைப் பிடித்து நிறுத்தி மாட்டிவிட்டாள். செருப்போடு களத்தில் இறங்கினோம். ஒவ்வொரு அடிக்கும் முதுகில் ஏதோ விழப்போகிறது என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

பின்பக்கம் சாம்பல் மேடு இல்லை. எப்போதோ வாரிப்போய்விட்டார்கள். மதிலும் பாதி விழுந்து கிடந்தது. வரதன் மாமா அங்கே போய் நின்றார், இங்கே வந்து நின்றார். உட்கார்ந்து தரையைத் தடவினார். "இங்கதாங்க்கா… இல்ல, மதிலு வளையற எடம்… இங்க ஒரு தொட்டி இருந்துது…" எழுந்து மறுபடியும் சுற்றிப் பார்த்தார். "எடம் தெரியலக்கா. நான் வச்ச எடம் எனக்கே தெரியல."

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "அங்க இல்ல."

கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு எங்களுக்குப் பின்னாலேயே வந்திருந்தார். நான் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது, ஓடத்தான் நினைத்தேன்.

"மழயில சாம்பல் கரைஞ்சு துண்டு வெளிய தெரிஞ்சுது" என்றார். யாரையும் பார்க்காமல் பேசினார். "நாயி சுத்திக்கினு இருந்துது. நான்தான் எடுத்தாந்து மோட்டார் ரூமு பின்னால ஆழமா வச்சன். மொதலாளிக்குத் தெரியாது."

அம்மா என்னை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். "எடுத்த இல்ல? என் கையில குடுத்திருக்கலாம் இல்ல?"

"தெரிஞ்சா மொதலாளி என்னியத் தொலச்சிருப்பாரு. எனக்கும் பயம்தான்."

"உனக்கும் பயமா?" அம்மா அதை ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "நான் உன்ன நெனச்சி இத்தினி வருசமா கதவு சாத்தல, கோதண்டம். இதோ நிக்கறாளே, எம்மவ, இவ கதவே தெறக்கறதில்ல. நீயும் பயந்துக்கினுதான் இருந்தியா?"

நான் யாரிடமும் சொல்லாததை அம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

கிழவர் கை கூப்பவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மோட்டார் அறைப் பக்கம் நடந்தார். அதன் பின்புறம், இடிந்த சிமெண்டு மேடைக்கு அருகே தடியால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு கடப்பாரை எடுத்துவர அறைக்குப் போகத் திரும்பினார்.

"நீ எதையும் தொடாத" என்றாள் அம்மா. "போயி அங்க உக்காரு."

அவர் போய் உட்கார்ந்தார்.

குழி தோண்ட வேண்டாம், கிடக்கிறவன் அப்படியே கிடக்கட்டும், மண் போதும் என்று அம்மா சொன்னாள். வரதன் மாமா கையாலேயே கீறி எடுத்தார். மதில் ஓரத்திலிருந்தும் ஒரு பிடி எடுக்கச் சொன்னாள் அம்மா. "அவன் சொல்றத நம்பறியாக்கா?" என்று மாமா கேட்டார். "நீ துண்டுல சுத்தி வச்ச எடமும் எனக்கு வேணும்" என்றாள். இரண்டு மண்ணையும் மஞ்சள் துணியில் கொட்டினாள். கற்பூரம் காற்றில் நிற்கவில்லை. ராக்கம்மா அத்தை முந்தானையை விரித்துக்கொண்டு மறைத்தாள்.

பிறகு அம்மா எழுந்து நின்று கூப்பிட்டாள்.

"காசீ! எப்பா காசீ! வாடா, போலாம்!"

மில்லில் யாரும் இப்படிச் சத்தமாகப் பேச முடியாது. அந்தக் கூப்பாடு பாய்லர் சுவரில் மோதித் திரும்பி வந்தது. யாராவது வந்துவிடுவார்கள், யாராவது வந்துவிடுவார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் வாயைப் பொத்த என் கை எழுந்தது. எழுந்த கையை நான் பார்த்தேன். ஏழுமலை சொன்னது இதைத்தான்.

கையை இறக்கினேன். நானும் கூப்பிட்டேன். சரியாக வரவில்லை, கம்மலாக வந்தது. பிறகு வரதன் மாமாவும் அத்தையும் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவனைக் கண்ணால் பார்த்திராத குணவதி அக்காவும் கூப்பிட்டார்.

திரும்பும்போது கேட்டைப் பார்த்தேன். சாத்தியிருந்தது. காற்றில்தான் சாத்தியிருக்க வேண்டும். எப்படி அவ்வளவு தூரம் ஓடினேன் என்று தெரியாது. இரண்டு கையாலும் அதைத் தள்ளித் திறந்து, கடைசி ஆள் வெளியே வரும்வரை முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றேன். அம்மா மண் முடிச்சை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தாள். அறை வாசலில் கிழவர் உட்கார்ந்திருந்தார். அவரைக் கடக்கும்போது அவள் நிற்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு நாளாகக் காய்ச்சல். சூப்பர்வைசரிடம் விடுப்புச் சொல்லியாயிற்று. போய்வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன் போல. முன்பைவிட அதிகமாகத்தான் பயமாக இருக்கிறது. எங்கோ வண்டி நின்றால் கோதண்டம்தான் வந்துவிட்டார் என்று தோன்றுகிறது. உட்கார் என்றால் உட்காருகிற கிழவர் என்று தெரிந்தும்.

அம்மா வாசலில் ஆட்டுக்கு இலை ஒடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மண் முடிச்சு அவள் வீட்டு உறியில் தொங்குகிறது. அங்கே போகும்போதெல்லாம் அதைத் தொட்டுவிட்டு வருகிறேன். இன்று ஏழுமலை என்ன நடந்தது என்று கேட்டார். முழுவதும் சொன்னேன். அவர் அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

மார்ச் 8, சனி

மையத்துக்குப் போனேன். சுந்தரியின் மகன் எடை கூடியிருக்கிறான்.

மார்ச் 12, புதன்

மாசி மகம். மாமல்லபுரம். இதைக் கடற்கரையில் உட்கார்ந்தே எழுதுகிறேன், மணல் பக்கங்களில் ஒட்டுகிறது. எல்லா ஊர்களிலிருந்தும் எங்கள் சனம் வந்து, கரை முழுக்கச் சேலைகளால் கூடாரம் போட்டிருக்கிறது. ஒரு பக்கம் கல்யாணம், ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் சாமி வந்து ஆடுகிறார்கள்.

விடியும்போது அம்மா ஈர மணலில் படி கட்டினாள். பூவும் பழமும் வைத்தாள். பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பா பெயர் வந்தது. அவளுடைய ஆயா பெயர் வந்தது. அதற்குப் பிறகு நிறுத்தினாள். இவ்வளவுக்குப் பிறகும் வராமல் போய்விட்டால் என்ன செய்வது?

வந்தது. "காசீ" என்றாள். முடிச்சை அவிழ்த்து மண்ணை அலையில் விட்டாள். ஒரு அலை வந்து கொஞ்சம் எடுத்தது. அடுத்த அலை மீதியையும் படியையும் சேர்த்து எடுத்துப்போயிற்று. அம்மா வெறும் துணியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதாள். அதற்கு முன் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

யாழினி என் சேலையை இழுத்தாள். "காசி யாரும்மா?"

அவனுடைய கால்கள்தான் என் கண் முன்னால் வந்தன. இத்தனை வருஷமும் தம்பி என்றால் அந்தக் கால்கள் மட்டும்தான். யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன் வேறொன்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"உன் மாமா" என்றேன். "சின்னப் பையன். உன்னவிட சின்னவன். களத்துல நெல்லு காயும்போது குருவிங்க வரும். அதுங்கள தொரத்திக்கினு ஓடுவான். அவனுக்குக் குருவின்னு சொல்லத் தெரியாது. கோழி, கோழின்னு கத்துவான்."

"குருவியப் போயி கோழின்னா?" யாழினி சிரித்தாள்.

அம்மா தண்ணீரிலிருந்து திரும்பினாள். முகமெல்லாம் உப்புத் தண்ணீர்.

"அய்யோ, ஆமாண்டி" என்றாள். "கோழின்னுதான் கூப்புடுவான். நான் அத மறந்தே பூட்டன்."

கரைக்கு வந்து எங்கள் எதிரில், ஈரத்தோடு அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.